ஆடு ஒட்டிய டோன் ஜெனரேட்டரும் ஓசூர் மாமாவின் கண்ணீரும்

சூசைபுரம்,
பாப்பாரப்பட்டி வழி.
தேர் முடிந்த செவ்வாய்க்கிழமை.

சூசையப்பர் துணை. (வழக்கத்துக்காக மேலே எழுதி வைக்கவில்லை. இந்த வருடம் நிஜமாகவே பக்கத்தில் நின்றார்.)

மரியாதைக்குரிய மரிய ஆனந்த் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மிக்கேலம்மாளின் மகன் இனிகோ, பி.இ. மின்னணுவியல், தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். மாடு நலம், கன்றுக்கு மட்டும் லேசாக வயிற்றுப்போக்கு. ஓசூரில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்; இதை மரியாதைக்குச் சொல்லவில்லை, நீங்கள் தெம்பாக இருந்தால்தான் கீழே வருவதைத் தாங்க முடியும். என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டதால் தபாலில் எழுத வேண்டியதாயிற்று. கடைசிப் பரீட்சைக்குப் பிறகு நான் பேனாவைத் தொட்டதில்லை. எழுத்து கோணலாக இருக்கும், விஷயம் நேராக இருக்கும்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன், நீங்கள் தோற்றுவிட்டீர்கள். இதோடு கடிதத்தை முடித்துவிடலாம். ஆனால் எப்படித் தோற்றோம் என்று தெரியாமலே ஒரு மனுஷன் ஓசூரில் உட்கார்ந்திருப்பது நியாயமில்லை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

கொடியேற்றத்தன்று நடந்ததிலிருந்து வருகிறேன். நீங்கள் வாலிபத்தில் போட்ட சூசையப்பர் பாட்டின் மிடி ஃபைலை எனக்கு அனுப்பினீர்கள். கொடி மேலே ஏறும்போது பாடகர் இல்லாமல் இசை மட்டும் வரட்டும் என்று ஃபாதர் சொன்னார். நானும் லேப்டாப்பை மைக்செட் சந்திரமோகனின் மிக்சரில் சொருகி, ஃபைலைத் தட்டிவிட்டேன். ஃபாதர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார், கொடி அரைக் கம்பத்தில் இருக்கிறது, ஊரே அண்ணாந்து பார்க்கிறது, அந்த நேரத்தில் குழாய் ஸ்பீக்கர் நான்கிலும் டெலிபோன் மணி அடித்தது. டிரிங் டிரிங் என்று, அந்தக் காலத்துக் கறுப்புப் போன் மாதிரி. ஆண்கள் பக்கம் மொத்தமும் சட்டைப்பையைத் தடவியது. பெண்கள் பக்கம் பையைக் கவிழ்த்தது. திருவிழாக் கமிட்டித் தலைவர் சவரிமுத்து பெரியப்பா போனைக் கையிலேயே வைத்திருந்தவர், அது அடிக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே காதில் வைத்து "அலோ, யாருங்க?" என்றார். ஃபாதர் கயிற்றை விடாமல் திரும்பி, "திருவிழா அன்னைக்காவது அத ஆஃப் பண்ணி வெக்கக் கூடாதா?" என்று மைக்கிலேயே கேட்டார். அதற்குள் மணி நின்று உங்கள் பாட்டின் மெட்டு தொடங்கியது. அது தொடங்காமலே இருந்திருக்கலாம். புல்லாங்குழல் விசில் மாதிரி, வயலின் தகரம் மாதிரி வந்ததும் முன்வரிசைக் குழந்தை ஒன்று "அம்மா, ஐஸ் வண்டி!" என்று ஓடிப்போய் ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தது.

இந்த வீடியோவைத்தான் எவனோ உங்களுக்கு அனுப்பினான். கொடி உச்சியைத் தொடுவதற்குள் நீங்கள் போன் செய்துவிட்டீர்கள். நீங்கள் பேசியதை மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

"ஏன்டா, என் பாட்டுக்குள்ள எவன்டா போன் பண்ணுனான்?"

"மாமா, அது போன் இல்ல. நீங்க தொடக்கத்துல வெச்ச மணிச்சரம்."

"மணிச்சரமாவது மண்ணாங்கட்டியாவது! நான் அனுப்புன ஃபைலுதான அது? எதுல போட்டாலும் அதே சத்தந்தான்டா வரணும். நீ நோண்டிட்ட."

"ஃபைல்ல சத்தமே கெடயாதுங்க மாமா."

"அப்ப நான் உனக்குக் காத்தையா அனுப்புனேன்? நாலு வருசம் படிச்சு இதத்தான் கத்துக்கிட்டியா? வெய்டா போன!"

வைத்தது நீங்கள்தான். பிளாக் செய்ததும் நீங்கள்தான். அன்று உங்கள் காதில் ஏறாததை இப்போது எழுத்தில் சொல்கிறேன், இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். மிடி ஃபைலில் சத்தம் கிடையாது. எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தி, எவ்வளவு நேரம், எந்த எண்ணுள்ள வாத்தியத்தில் என்ற கட்டளை மட்டும்தான் அதில் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் கொடுக்கும் சீட்டு மாதிரி. அதே சீட்டை இண்டூர் சமையல்காரரிடம் கொடுத்தால் ஒரு சாப்பாடு வரும், நான் படித்த காலேஜ் ஹாஸ்டலில் கொடுத்தால் வேறொன்று வரும். சீட்டை முகர்ந்து பார்த்துவிட்டு சாம்பார் கெட்டுப்போச்சு என்று சீட்டு கொண்டுபோனவனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்? லேப்டாப்போடு இலவசமாக வரும் வாத்தியத் தொகுப்பு இருக்கிறதே, என் செல்போனில் ஒரு போட்டோ பிடிக்கும் இடத்தில் நூற்றிருபத்தெட்டு வாத்தியத்தையும் திணித்து வைத்திருக்கிறார்கள். புல்லாங்குழலின் ஒரு துணுக்கை வெட்டி, அதையே திருப்பித் திருப்பி ஒட்டினால் மூச்சு எங்கிருந்து வரும்? அந்த டெலிபோன் இன்னும் எளிது. உங்கள் மணிச்சரத்துக்கு நீங்கள் போட்ட விலாசம் 125-க்குக் கீழ் ஐந்து. கதவு எண் 125/5 மாதிரி. லேப்டாப்புக்குக் கீழ் எண் படிக்கத் தெரியாது. 125-ல் கொண்டுபோய்க் கடிதத்தைப் போட்டுவிட்டது. 125-ல் குடியிருப்பது டெலிபோன். யார் தப்பு? என் தப்பா?

சரி, உங்கள் கோபத்தை விடுங்கள். ஊரில் நடந்தது பெரிய விஷயம். அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. சவரிமுத்து பெரியப்பா, தேருக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஆர்க்கெஸ்ட்ரா பேசிவிடலாம், அவர்களே பாடகரையும் கொண்டுவந்துவிடுவார்கள், நம்ம பாடகர் குழு இந்த வருடம் ஓய்வெடுக்கட்டும் என்று முடித்துவிட்டார். பாடகர் குழுவை நடத்தும் ஜெனிஷா, ஏரியூர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், சாம்பல் புதனிலிருந்து வாரம் தவறாமல் உங்கள் பாட்டைச் சொல்லிக்கொடுத்து ஊர்த் தொண்டையை எல்லாம் ஒரு வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். அவள் எழுந்து, "அப்ப நாங்க தேருக்குப் பின்னால வாயில மெழுவத்திய வெச்சிக்கிட்டு வரட்டுங்களா பெரியப்பா?" என்று கேட்டாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. நான் எழுந்து, பாட்டில் ஒரு குறையும் இல்லை, கருவிதான் மட்டம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இதே ஃபைலை ஒரு எழுத்து மாற்றாமல் வேறு கருவியில் போட்டு உங்கள் எல்லாரையும் அழவைக்கிறேன் என்றேன்.

"அழுவலன்னா?" என்றார் பெரியப்பா.

"தேர் அன்னைக்கு டீசல் ஜெனரேட்டர் பக்கத்துல நான் ஒக்காந்துக்கறேன். வேற ஆளு வேணாம்."

நம் ஊரில் இதைவிடப் பெரிய தண்டனை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் புகையில் உட்கார்ந்து எழுந்தவன் மறுநாள் காலைவரை தார் வாசம் அடிப்பான்.

சந்திரமோகன் அங்கேதான் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். "தம்பி, மாரியம்மனுக்கும் நான்தான் மைக்செட்டு, சூசையப்பருக்கும் நான்தான். சொல்றனேன்னு நெனைக்காதீங்க, எல்லாம் ஆம்ப்ளிபையர்ல இருக்குது. நீங்க தகரத்தத் தட்டி அனுப்புங்க, நான் அதப் பாட்டா குடுக்கறேன்" என்றார். மிடி கட்டளையை வாங்கி நல்ல வாத்தியச் சத்தமாக மாற்றித் தரும் டோன் ஜெனரேட்டர் என்று ஒரு கருவி வேண்டும் என்று சொன்னேன். "ஜெனரேட்டரு என்கிட்டயே ரெண்டு கெடக்குதுங்களே" என்றார். இந்த மாதிரி ஆட்களிடம்தான் மாமா நான் வேலை வாங்க வேண்டியிருந்தது.

வாய்விட்டுவிட்டேனே தவிர, கருவி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வூட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"மாமா இந்தப் பாட்ட எதுலம்மா போட்டாரு?"

"அதா, கறுப்பா ஒரு பொட்டிடா. சந்திரமோகன் தூக்கிட்டுப் போயிட்டான்னு உங்க மாமன் குதிப்பானே, அது."

"அது இப்ப எங்கம்மா?"

"குடிலுக்கு அடியில."

மாமா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நீங்கள் ஓசூருக்கு வேலைக்குப் போனபோது பரணில் போட்டுவிட்டுப் போன டோன் ஜெனரேட்டர் களவு போகவில்லை. உங்கள் அக்கா அதைக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மலையாக வைத்திருக்கிறார்கள். பழுப்புக் காகிதத்தைக் கசக்கிப் பசை போட்டு ஒட்டி, பச்சை மரத்தூள் தூவி, உச்சியில் கேழ்வரகு முளைவிட ஒரு தட்டும் வைத்து, வருடா வருடம் மூன்று ராஜாக்கள் திருநாள்வரை காலையில் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். மற்ற மாதங்களில் மலை பரணில் இருக்கும். நானே சின்ன வயதில் அதன்மேல் ஒட்டகத்தை நிறுத்தியிருக்கிறேன். நான்கு வருடம் மின்னணுவியல் படித்தேன், வூட்டுக்குள்ளே இருந்த கருவியைப் பெத்லகேம் மலை என்று கும்பிட்டிருக்கிறேன்.

"ஏம்மா, இத்தன வருசமா மாமாகிட்ட சொல்லல?"

"அவன் என்னையவா கேட்டான்? சந்திரமோகனையில்ல கேட்டான். மலைக்கு நல்லா கனமா இருந்துச்சு, வுட்டுட்டேன்."

காகிதத்தை உரித்தேன். பசை கல்லாகியிருந்தது. கழற்றிப் பார்த்தால் ஒரு கேழ்வரகு வேர் காற்றுத் துவாரத்தின் வழியாக உள்ளே போய் பவர் ஸ்விட்ச்வரை குடும்பம் நடத்தியிருந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஊதிப்போயிருந்த ஒரு கெப்பாசிட்டரை மாற்றி, அடாப்டர் ஒன்றை நானே தயார் செய்து, லேப்டாப்பிலிருந்து கட்டளை போக ஒரு ஒயரை ஆன்லைனில் வரவழைத்தேன். எல்லாம் உரிந்தது, மேலே ஒட்டியிருந்த களிமண் ஆடு மட்டும் வரவில்லை. அம்மா எந்தக் காலத்திலோ வச்சிரப் பசையோ வேறென்னவோ போட்டு ஒட்டியது. உடைத்தால் மூடியே கையோடு வரும்போல இருந்ததால் விட்டுவிட்டேன். ஆட்டோடு ஸ்விட்ச் போட்டேன். சின்னத் திரை ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. ஃபைலைத் தட்டினேன். மணிச்சரம் ஒன்றன்பின் ஒன்றாக மேலே இருந்து கீழே உதிர்ந்தது மாமா, டெலிபோன் இல்லை, மணி. பிறகு புல்லாங்குழல். முதலில் மூச்சு, பிறகு ஸ்வரம், நீளும்போது லேசான அசைவு. ஒரு பெரிய மண்டபத்தில் யாரோ தள்ளி நின்று வாசிப்பதுபோல. அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்கள். "ஆனந்து வந்துட்டானா?" என்று வாசலைப் பார்த்தார்கள். நான் உங்கள்மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் இதை மட்டும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. யாரும் கருவியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காக, தபசு காலத்தில் சுரூபங்களை மூடும் ஊதாத் துணியைப் பீடத்துக்குக் கீழே குறுக்காகக் கட்டச் சொன்னேன். துணிக்குப் பின்னால் மூன்று கருவி. ஒன்று, அதே லேப்டாப். இரண்டு, ஃபாதர் அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்றிதழ் அடிக்கும் பழைய கம்ப்யூட்டர். அதற்குள் ஒரு பழைய சவுண்ட்கார்டு. மூன்று, ஆடு. ஒரே ஃபைல், ஒரே ஸ்பீக்கர், ஒரே சத்த அளவு. இந்த ஏற்பாட்டில் ஓட்டை கண்டுபிடிக்க ஓசூரில் ஆள் இருந்தால் அனுப்புங்கள். சந்திரமோகன் தன் பங்குக்கு மூன்றையும் பென் டிரைவில் பதிவு செய்துகொண்டார். "எதுக்கும் இருக்கட்டும் தம்பி" என்றார். அதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, நிரூபணத்துக்குச் சாட்சி இருப்பது நல்லதுதானே.

முதலாவது ஒலித்தது. டெலிபோன் அடித்தது. விஷயம் தெரிந்தும் பாதிப் பேர் பையைத் தொட்டார்கள். "அதே ஐஸ் வண்டி" என்றார் பெரியப்பா. இரண்டாவது இன்னும் மோசம். அந்தக் காலத்துச் சவுண்ட்கார்டில் வாத்தியத்தின் பதிவே கிடையாது மாமா. ஒரு அலையை வைத்து இன்னொரு அலையை ஆட்டி, கணக்குப் போட்டே வயலின் செய்துவிடுவார்கள். கணக்கு சரி, வயலின் இல்லை. உங்கள் பாட்டின் நடுப்பகுதியில் நான்கு வயலின் சேர்ந்து வருமே, அந்த இடத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "கொசுவத்திய கொளுத்துங்கப்பா" என்றார். மணிச்சரம் வர வேண்டிய இடத்தில் அந்தக் கார்டும் 125-ஐத்தான் வாசித்தது, ஆனால் டெலிபோனைக்கூட அதற்கு ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. தொண்டையில் முள் சிக்கிய கோழி மாதிரி ஒன்று வந்தது. ஜெனிஷா முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிறாளே, தோற்றால் பாதிக்கப்படப் போவது அவள்தானே என்று நான் அவசரமாக மூன்றாவதற்கு ஒயரை மாற்றினேன்.

மூன்றாவது ஒலித்தது. மணி உதிர்ந்தது. யாரும் பையைத் தொடவில்லை. புல்லாங்குழல் மூச்சு வாங்கியதும் கோயிலுக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வயலின் வந்தபோது கொசுவத்திக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பாட்டு முடிந்தது. பெரியப்பா எழுந்துபோய் ஊதாத் துணியைத் தூக்கினார்.

"உள்ள ஆளு இருக்குதா?"

"ஆளு இல்லீங்க பெரியப்பா. பொட்டிதான்."

குனிந்து பார்த்தார். "மேல ஆடு நிக்குது."

"அது வராதுங்க. ஒட்டிக்கிச்சு."

"எடுக்காத. அது பாட்டுக்கு நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, திரும்பி ஜெனிஷாவைப் பார்த்து, "கிருஷ்ணகிரிக்காரனுக்குப் போன் பண்ணி வர வேணாம்னுடு கண்ணு. தேருக்கு நீங்களே பாடுங்க" என்றார். அவ்வளவுதான் மாமா. கை தூக்கச் சொல்லி ஓட்டுக்கூட எடுக்கவில்லை. சத்தத்தின் தரம் கருவியில்தான் இருக்கிறது என்று ஒரு கோயில் முழுக்க ஒப்புக்கொண்டது. "ஞாயித்துக்கெழமையில ஒரு எஞ்சினியரு சொன்னது நடந்து இப்பதான் பாக்குறேன்" என்று ஜெனிஷா சொன்னாள். அவள் பாராட்டினால் இப்படித்தான் இருக்கும்.

இனி தேர். அதைத்தான் நீங்கள் வீடியோவில் பார்த்தீர்கள், நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பொழுது சாய்ந்ததும் தேர் கோயில் முன்னால் தயாராக நின்றது. சந்திரமோகனின் மினி லாரியில் மிக்சர், பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர், அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஆடு, ஆட்டுக்கு முன்னால் லேப்டாப்போடு நான். ஜெயித்தும் அந்த இடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது, ஒயர் நீளம் அவ்வளவுதான். டீசல் இரைச்சலில் காது அடைத்தது. ஆனால் நான் முன்யோசனைக்காரன். காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போனை டோன் ஜெனரேட்டரிலேயே சொருகி மாட்டிக்கொண்டேன். ஃபாதர் தேரை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். நான் கை தூக்கி சந்திரமோகனுக்குச் சைகை காட்டினேன், அவரும் கை தூக்கினார், ஃபைலைத் தட்டினேன். மணிச்சரம் என் இரண்டு காதிலும் உதிர்ந்தது. அந்தக் கணத்தில் கூட்டத்தைப் பார்த்தேன் மாமா. ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் சட்டைப்பையில் கை விட்டது. பெண்கள் பையைத் திறந்தார்கள். அடுத்த நொடி அத்தனை செல்போனும் வெளியே வந்து, அத்தனையும் தேரைப் பார்த்து உயர்ந்தன. முதல் மணி கேட்டதுமே இதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று ஒரு ஊருக்கே தோன்றியிருக்கிறது என்றால், கருவியின் தரத்துக்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்? பெரியப்பாகூடப் போனைக் காதுவரை கொண்டுபோய், பிறகு சுதாரித்துக்கொண்டு வீடியோ எடுத்தார்.

பாடகர் குழுவைப் பற்றி ஒரு குறை. அத்தனை ஒத்திகை பார்த்தும் அரைத் தாளம் பிந்தித்தான் வந்தார்கள். நான் இங்கிருந்து கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். ஜெனிஷா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, ஸ்பீக்கரையே பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். வெற்றி நாளில் எதற்குச் சண்டை என்று மன்னித்துவிட்டேன். தேர் அசைந்தது, வெடி வெடித்தது, நாற்பது தொண்டை ஒன்றாகத் திறந்தது. பெரியப்பா அழுதார். ஃபாதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டு முடிந்ததும் ஜனங்கள் லாரிக்கு வந்து ஆட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை நீங்கள் அம்மாவின் போனுக்கு அனுப்பிய ஆடியோவை அம்மா எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன், பிறகு சொல்லவே இல்லை என்று சாதிக்கக் கூடாது பாருங்கள். "அக்கா, வீடியோ பாத்தேங்கா. இதுதாங்கா சத்தம்! அன்னைக்கு நான் போட்டது இதுதான். புல்லாங்கொழலு வந்த எடத்துல ஒடம்பெல்லாம் சிலுத்துடுச்சு, நான் அழுதுட்டேன், உன் தம்பிபொண்டாட்டி பாத்து சிரிக்கிறா. இந்தச் சத்தம் அந்தப் பொட்டியில மட்டுந்தாங்கா வரும். லேப்டாப்புல தலைகீழா நின்னாலும் வராது. எனக்குக் காது இருக்குது, கேட்டவொடனே தெரிஞ்சிடுச்சு. அவன்கிட்ட சொல்லு, பையன் கெட்டிக்காரந்தான்னு."

ஆக, எங்கே போட்டாலும் ஒரே சத்தம்தான் என்று சொன்ன அதே வாயால், பெட்டிக்குப் பெட்டி சத்தம் மாறும் என்று சாட்சி சொல்லிவிட்டீர்கள். இதற்குப் பிறகு நீங்கள் செய்ய வேண்டியது மூன்றே மூன்று. என் நம்பரை அன்பிளாக் செய்ய வேண்டும். குடும்பக் குரூப்பில் இனிகோ சொன்னதுதான் சரி என்று நான்கு பேர் பார்க்க எழுத வேண்டும். பொட்டியைத் தூக்கிட்டுப் போனவன் என்று இருபது வருடமாக நீங்கள் வாய்க்கு வாய் சொன்ன சந்திரமோகனிடம் நேரில் வந்து, எல்லார் முன்னாலும், மன்னிப்புக் கேட்க வேண்டும். நல்ல மனுஷர், பாவம்.

அத்தைக்கு என் தோத்திரம், நீங்கள் அழுதபோது சிரித்ததற்காகத் தனியாக ஒரு தோத்திரம். சூசையப்பர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், நல்ல காதையும், தோல்வியைத் தாங்கும் மனதையும் தரட்டும். அம்மா, இந்தக் கிறிஸ்துமஸுக்கு மலைக்கு என்ன செய்வது என்று உங்களைக் கேட்கச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மருமகன்,
இனிகோ.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது சந்திரமோகன் வந்தார். ஆட்டுப் பெட்டியிலிருந்து மிக்சருக்குப் போட்டிருந்த என் ஒயரைத் திருப்பிக் கொடுத்தார்.

"இந்தாங்க தம்பி, நல்ல ஒயரு. அன்னைக்குத் தேவையே படல."

"தேவப்படலன்னா?"

"உங்க லைனத் தொறந்தாவே 'ங்ங்ங்'னு எரைச்சலுங்க. ஜெனரேட்டரு கரண்டுக்கும் உங்க ஆட்டுப் பொட்டிக்கும் ஆவல. அதான் அத மூடிட்டு, ஞாயித்துக்கெழம புடிச்சேனே, அந்தப் பென் டிரைவப் போட்டுட்டேன். நீங்க கை தூக்குனீங்க, நானும் தட்டுனேன். அரத் தாளம் முன்ன பின்ன இருந்திருக்கும்."

"என்கிட்ட ஏன்ணா சொல்லல?"

"நீங்க காதுல மாட்டிக்கிட்டு, கைய ஆட்டிக்கிட்டிருந்தீங்க. நல்லா இருந்துச்சு. எதுக்குக் கலைக்கணும்னு வுட்டுட்டேன்."

கையிலிருந்த கவரைக் கீழே வைத்தேன். "பென் டிரைவ்ல மூணு இருந்துச்சே. எதப் போட்டீங்க?"

"பென் டிரைவச் சொருவுனா மொதல்ல இருக்கறதுதான மொதல்ல வரும்? அதாங்க, போன் அடிக்குமே, அது. அப்பவே சொன்னனே தம்பி, தகரத்தத் தட்டுனாலும் பாட்டா குடுப்பேன்னு."

ஊர் ஏன் பையைத் தடவியது என்று இப்போது தெரிகிறது. போன் வருகிறது என்று எடுத்திருக்கிறார்கள். எடுத்த போனைச் சும்மா உள்ளே வைப்பானேன் என்று வீடியோ பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு வீடியோவிலும் டெலிபோன் சத்தம் இல்லை. அதனால்தான் ஓசூரில் காது உள்ள ஒருவர் ஐஸ் வண்டிக்கு உடம்பு சிலிர்த்து அழுதிருக்கிறார். நானோ, ஜெயித்துவிட்டு, தோற்றவனுக்குச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, எனக்கு மட்டும் கச்சேரி கேட்டிருக்கிறேன். இன்னமும் தார் வாசம் போகவில்லை.

மறுபடி முதலிலிருந்து எழுத எனக்குப் பொறுமை கிடையாது. ஆகவே ஒரு உடன்படிக்கை. பின்குறிப்புக்கு மேலே உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள். குரூப்பில் நீங்கள் எழுத வேண்டியதை எழுதுங்கள்; நான் தோற்றேன் என்று நீங்கள் வாய் திறந்தால், எதற்கு அழுதீர்கள் என்று நானும் திறப்பேன். சந்திரமோகனிடம் மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவர் ஏற்கெனவே பெருமையில் தரையில் நடக்கவில்லை. பெட்டியை அவர்தான் எடுத்தார் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.